டி.என்.ஏ. செப்பனிடும் புரதங்களும் பெருங்குடல் கட்டிகளின் தோற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

செல் பிரியும்போது டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அப்போது நேரும் பிழைகளையும், வேதிப்பொருள்களால் நேரும் சிதைவுகளையும் களைவதற்கெனத் தனித்தனிப் புரதத் தொகுதிகள் உள்ளன. இவற்றுள் பொருந்தா இணைத் திருத்தத்தைச் செய்யும் எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 ஆகிய நான்கு புரதங்கள் செயலிழப்பதற்கும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது. திருத்தம் தவறுவது மட்டுமே கட்டியை உண்டாக்குவதில்லை. அது பிற மரபணுக்கள் கெடும் வேகத்தைக் கூட்டுகிறது. எந்தப் புரதம் தவறியதோ அதற்குரிய தனி அடையாளம் கட்டியின் டி.என்.ஏ.வில் பதிந்துவிடுகிறது. அவ்வடையாளத்தைப் படிப்பதால் நோயாளியின் சிகிச்சையையும் அவர் குடும்பத்தாரின் இடரையும் ஒருசேர அறிய முடிகிறது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: டி.என்.ஏ. செப்பனிடுதல், பொருந்தா இணைத் திருத்தம், லிஞ்ச் நோய்த்தொகுப்பு, மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை, பெருங்குடல் புற்றுநோய்

முன்னுரை

1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் அறிஞராக இருந்த ஆல்ட்ரெட் ஸ்காட் வார்த்தினிடம், அவருக்குத் தெரிந்த தையற்காரப் பெண் ஒருவர் தம் கவலையைக் கூறினார். தம் குடும்பத்தில் பலர் குடல், இரைப்பை, கருப்பை ஆகியவற்றில் தோன்றிய புற்றுநோயால் இளவயதிலேயே இறந்துவிட்டனர் என்றும், தமக்கும் அதுவே நேரும் என்றும் அவர் சொன்னார். வார்த்தின் அதனை அச்சத்தால் எழுந்த பேச்சென்று ஒதுக்கிவிடவில்லை. அக்குடும்பத்தின் வழிமுறையைத் திரட்டத் தொடங்கி, 1913ஆம் ஆண்டு அதனைப் பிற குடும்பங்களின் விவரங்களோடு சேர்த்து வெளியிட்டார். அப்பெண் தாம் அஞ்சியவாறே கருப்பைப் புற்றுநோயால் இளவயதில் இறந்தார்.

'ஜி குடும்பம்' என்று மருத்துவ இலக்கியத்தில் வழங்கும் அக்குடும்பத்தின் நோய்க்குக் காரணமான மரபணுத் திடீர்மாற்றம் எம்.எஸ்.எச்.2 என்னும் மரபணுவில் இருப்பது 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு பெண் தம் குடும்பத்தைக் கூர்ந்து நோக்கிக் கண்ட உண்மைக்கு மூலக்கூறு அளவிலான சான்று கிடைக்க 105 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி லிஞ்ச், 1966ஆம் ஆண்டில் இத்தகைய மேலும் இரு பெருங்குடும்பங்களை விவரித்தார். இது பரம்பரை நோய் என்று அவர் கூறியதைப் பலர் நெடுங்காலம் ஏற்கவில்லை. புற்றுநோய் சுற்றுச்சூழலால் வருவது என்னும் கருத்து அன்று வலுவாக இருந்ததே அதற்குக் காரணம். பின்னாளில் அந்நோய்க்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

கலைச்சொல் குறித்து ஒன்று சொல்லவேண்டும். தமிழில் 'பழுதுபார்த்தல்', 'சீராக்கம்', 'செப்பனிடுதல்' என்னும் சொற்கள் ஒரே பொருளில் கலந்து வழங்குகின்றன. இக்கட்டுரையில், எல்லாவகைச் சீராக்கத்திற்கும் பொதுச்சொல்லாகச் 'செப்பனிடுதல்' என்பதும், படியெடுக்கையில் நேர்ந்த எழுத்துப் பிழையை நீக்குவதற்குத் 'திருத்தம்' என்பதும் ஆளப்படுகின்றன. சிதைவு வேறு, பிழை வேறு. அவற்றைக் களையும் புரதங்களும் வேறு.

படியெடுத்தலும் பிழைகளின் கணக்கும்

மனித செல்லொன்று பிரியும்போது ஏறத்தாழ 640 கோடி நியூக்ளியோடைடு இணைகளைப் படியெடுக்க வேண்டியுள்ளது. இப்பணியைச் செய்யும் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதி ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்துகளுக்கு ஒருமுறை தவறான எழுத்தைச் சேர்க்கிறது. அவ்வாறு சேர்த்ததைத் தானே உணர்ந்து, பின்னோக்கி வெட்டி நீக்கும் ஆற்றலும் அந்நொதிக்கு உண்டு. இந்த உடனடிச் சரிபார்ப்பினால் பிழையின் அளவு ஏறக்குறைய ஒரு கோடிக்கு ஒன்றாகக் குறைகிறது. எனினும் 640 கோடி எழுத்துகளில் அது அறுநூற்றுக்கும் மேற்பட்ட பிழைகளாக எஞ்சும். பொருந்தா இணைத் திருத்தம் இந்த மிச்சத்தை மேலும் நூறு முதல் ஆயிரம் மடங்கு குறைக்கிறது. ஆகவே செல் ஒருமுறை பிரியும்போது நிலைத்துவிடும் பிழைகள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

இக்கணக்கு தோராயமானதே. ஆயினும் கடைசிக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உணர்த்த இது போதும்.

எல்லாப் பிழைகளும் ஒரே தன்மையன அல்ல. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்கள் நன்கறிந்த ஒன்றை இங்கு நினைவுகூரலாம். ஒரே சொல் அடுத்தடுத்துப் பலமுறை வரும் இடத்தில் படியெடுப்பவரின் கண் தடுமாறும். ஒருமுறை கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவார். பாலிமரேஸ் நொதியும் இதே வகையில் இடறுகிறது. அடினைன் என்னும் எழுத்து பத்துமுறை தொடர்ந்து வருமிடத்தில், அல்லது சைட்டோசின்-அடினைன் என்னும் இணை இருபதுமுறை மீளுமிடத்தில், புதிய இழை சற்று வழுக்கிச் சிறு வளையமாக மடிந்துகொள்கிறது. அதனால் ஓர் அலகு கூடுகிறது அல்லது குறைகிறது. இவ்வாறு குறுகிய அலகுகள் மீண்டும் மீண்டும் வரும் பகுதிகளே மைக்ரோசாட்டிலைட்டுகள் எனப்படுகின்றன. நொதியின் உடனடிச் சரிபார்ப்பு இவ்வழுக்கலைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதைப் பிடிப்பது பொருந்தா இணைத் திருத்தம் மட்டுமே.

திருத்தும் புரதங்களின் செயல்முறை

இவ்வமைப்பின் அடிப்படைகளை எஸ்செரிச்சியா கோலை என்னும் குடல் பாக்டீரியத்தில் விரிவாக ஆராய்ந்தவர் பால் மோட்ரிச். இதற்காக 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசை தாமஸ் லிண்டால், அஜீஸ் சான்ஜார் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

மனித செல்லில் எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்னும் இரு புரதங்கள் இணைந்து டி.என்.ஏ.வைச் சுற்றிப் பற்றிக்கொள்கின்றன. பொருந்தாத எழுத்திணையையும், ஓரிரு எழுத்துகளாலான சிறு வளையத்தையும் அறிவது இவ்விணை. எம்.எஸ்.எச்.6க்கு மாற்றாக எம்.எஸ்.எச்.3 சேரும்போது பெரிய வளையங்களை அறியும் மற்றோர் இணை உருவாகிறது. பிழை அறியப்பட்டதும் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 என்னும் இரண்டாம் இணை அங்கு வந்து சேர்கிறது. பி.எம்.எஸ்.2 புதிய இழையில் வெட்டு ஏற்படுத்துகிறது. பின்னர் எக்ஸோ-1 என்னும் நொதி பிழையுள்ள துண்டை அரித்து நீக்க, பாலிமரேஸ் அவ்விடத்தை மீண்டும் எழுதுகிறது. லைகேஸ் நொதி இழையின் முனைகளை ஒட்டுகிறது.

இதில் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. குவானைனுக்கு எதிரே தைமின் இருந்தால் இரண்டில் எது பிழை? வேதியியல் அடிப்படையில் இரண்டுமே முறையான எழுத்துகள்தாம். எது மூலம், எது படி என்று தெரியாமல் திருத்தினால் பாதி நேரங்களில் மூலமே திருத்தப்பட்டுவிடும். பாக்டீரியத்தில் பழைய இழையில் மீத்தைல் குறிகள் இருக்கும். புதிய இழையில் அவை சற்றுத் தாமதித்தே சேரும். அந்த இடைவெளியே அடையாளம். மனித செல்லில் இம்முறை இல்லை. படியெடுத்தல் முடிந்த உடன் புதிய இழையில் எஞ்சியிருக்கும் வெட்டுகளும், பி.சி.என்.ஏ. என்னும் வளையப் புரதம் டி.என்.ஏ.வின் மீது எந்தத் திசையில் அமர்ந்திருக்கிறது என்பதும் புதிய இழையைக் காட்டிக்கொடுக்கின்றன.

மருத்துவ முக்கியத்துவம் கொண்ட மற்றொரு செய்தி, இப்புரதங்கள் இணைகளாகவே நிலைபெறுகின்றன என்பது. எம்.எல்.எச்.1 இல்லாவிட்டால் பி.எம்.எஸ்.2 தனித்து நிற்காமல் சிதைந்துவிடும். எம்.எஸ்.எச்.2 இல்லாவிட்டால் எம்.எஸ்.எச்.6 சிதைந்துவிடும். ஆனால் பி.எம்.எஸ்.2 இல்லாவிட்டாலும் எம்.எல்.எச்.1 வேறு துணைகளோடு நிலைத்திருக்கும். அவ்வாறே எம்.எஸ்.எச்.6 இல்லாதபோதும் எம்.எஸ்.எச்.2 நிலைக்கும். இந்த ஒருவழிச் சார்பு பின்னர் வரும் திசு ஆய்வைப் புரிந்துகொள்ளத் தேவை.

1993: ஈஸ்ட் ஆய்விலிருந்து வந்த விடை

பெருங்குடல் கட்டி படிப்படியாக உருவாகிறது என்பதை எரிக் ஃபியரானும் பெர்ட் வோகல்ஸ்டைனும் 1990ஆம் ஆண்டில் தெளிவாக வரைந்து காட்டினர். ஏ.பி.சி. மரபணு கெட்டுச் சிறு அடினோமா தோன்றுவதும், கே-ராஸ் மாறி அது பெரிதாவதும், டி.பி.53 இழக்கப்பட்டுப் புற்றாவதும் அந்த வரைவின் முதன்மைக் கட்டங்கள். பெரும்பான்மைக் கட்டிகளில் குரோமோசோம்களே துண்டுபட்டும் எண்ணிக்கை மாறியும் காணப்படுகின்றன.

லிஞ்ச் குடும்பத்தாரின் கட்டிகள் இதற்கு ஒத்துவரவில்லை. அவற்றின் குரோமோசோம்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே இருந்தன. 1993ஆம் ஆண்டு, பின்லாந்தின் ஆல்பர்ட் டி லா ஷாப்பெல், வோகல்ஸ்டைன் ஆகியோரின் கூட்டுக்குழுவினர் இக்கட்டிகளில் மைக்ரோசாட்டிலைட்டுகளின் நீளம் தாறுமாறாக மாறியிருப்பதைக் கண்டனர். ஸ்டீபன் திபடோ, மானுவல் பெருச்சோ ஆகியோரின் குழுக்களும் அதே ஆண்டில் தனித்தனியே இதனை அறிவித்தன. நோயாளியின் இரத்தத்தில் ஒரு நீளமும் கட்டியில் பல நீளங்களுமாக அது தெரிந்தது.

இதன் பொருளை முதலில் உணர்ந்தவர்களில் புற்றுநோய்க்குச் சற்றும் தொடர்பில்லாதவர்கள் இருந்தனர் என்பது அறிவியல் வரலாற்றின் சுவையான செய்தி. ஈஸ்ட் செல்களில் பொருந்தா இணைத் திருத்தத்திற்குரிய மரபணுக்களைச் சிதைத்தால் மீள்வரிசைகளின் நீளம் இதேபோல நிலைகுலைவதை மைக்கேல் லிஸ்கே, தாமஸ் பீட்ஸ் ஆகியோரின் குழு அவ்வாண்டே காட்டியது. மனிதக் குடும்பங்களிலும் இதற்குரிய மரபணுவைத்தான் தேடவேண்டும் என்று அவர்கள் குறிப்பிட்டனர். அவ்வாண்டு இறுதியில் எம்.எஸ்.எச்.2 அடையாளம் காணப்பட்டது, 1994இல் எம்.எல்.எச்.1. நோயாளிகளின் வழிமுறையும் பாக்டீரியத்தின் வேதியியலும் ஈஸ்ட்டின் மரபியலும் சில மாதங்களுக்குள் ஒரே இடத்தில் வந்து சந்தித்தன. பயனை முன்வைத்து மட்டும் ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர் எண்ணிப்பார்க்க வேண்டிய நிகழ்வு இது.

திருத்தம் தவறிய செல் எவ்வாறு கட்டியாகிறது?

லிஞ்ச் குடும்பத்தில் பிறந்த ஒருவரின் ஒவ்வொரு செல்லிலும் குறிப்பிட்ட மரபணுவின் ஒரு நகல் கெட்டும் மற்றொன்று நன்றாகவும் உள்ளது. ஒரு நகலே திருத்தப் பணிக்குப் போதுமானது. ஆல்ஃபிரட் நட்சன் 1971ஆம் ஆண்டில் விழித்திரைப் புற்றுநோய்க்குக் கூறிய இரட்டைத் தாக்குதல் கருத்து இங்கும் பொருந்துகிறது. குடலின் ஏதேனும் ஒரு செல்லில் நல்ல நகலும் இழக்கப்படும்போதுதான் அச்செல்லும் அதன் வழித்தோன்றல்களும் திருத்தும் திறனை இழக்கின்றன.

பெருங்குடலின் உட்பரப்பு ஏறத்தாழ ஒரு கோடி நுண்குழிகளாலானது. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில குருத்தணுக்கள் இடையறாது பிரிந்து, சில நாள்களுக்கு ஒருமுறை மேற்பரப்பு முழுவதையும் புதுப்பிக்கின்றன. எனவே படியெடுக்கும் முறைகளும் மிகுதி, இரண்டாம் தாக்குதலுக்கான வாய்ப்பும் மிகுதி. ஆனால் இதனை மட்டும் காரணமாகக் கொள்ள முடியாது. சிறுகுடலும் இதே வேகத்தில் புதுப்பிக்கப்படுகிறது. அங்குப் புற்றுநோய் அரிது. பெருங்குடலில் பெருகி வாழும் பாக்டீரியங்கள், பித்த அமிலங்களின் மாற்றங்கள், கழிவு தங்கும் கால அளவு ஆகியவற்றுக்கும் பங்கு இருக்கவேண்டும். செல் பிரியும் வேகம் ஒன்றையே விளக்கமாகத் தரும் பாடநூல்கள் இவ்வினாவை எளிமைப்படுத்திவிடுகின்றன.

மைய உண்மை ஒன்றை வலியுறுத்த வேண்டியுள்ளது. லிஞ்ச் குடும்பத்தாரின் நோயற்ற குடற்பரப்பை ஆராய்ந்த ஜெர்மானியக் குழுவொன்று, இயல்பான தோற்றமுடைய நுண்குழிகளிலேயே திருத்தப் புரதம் முற்றிலும் இல்லாதிருப்பதை 2012இல் கண்டது. அத்தகைய குழிகள் ஒருவரின் குடலில் ஏராளமாக இருக்கக்கூடும். கட்டியோ வாழ்நாளில் ஒன்றோ சிலவோதான் தோன்றுகிறது. எனவே திருத்தும் திறனை இழப்பது புற்றாவதற்குச் சமமன்று. அச்செல் வழியில் அடுத்தடுத்த பிழைகள் குவியும் வேகம் கூடுகிறது. அவற்றுள் எவையேனும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் விழுந்தால்தான் கட்டி உருவாகிறது.

எந்த மரபணுக்களில் அவை விழுகின்றன என்பதும் தற்செயலன்று. மீள்வரிசை உள்ள மரபணுவே எளிதில் கெடும். செல் வளர்ச்சியை அடக்கும் செய்தியைப் பெறும் டி.ஜி.எஃப்.-பீட்டா இரண்டாம் ஏற்பியின் மரபணுவில் பத்து அடினைன்கள் தொடர்ந்து வருகின்றன. அதில் ஒன்று குறைந்தால் அதற்குப்பின் மூவெழுத்துக் குறியீடுகள் அனைத்தும் இடம்பெயர்ந்து புரதம் பயனற்றுப்போகிறது. மைக்ரோசாட்டிலைட் நிலையற்ற பெருங்குடல் கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில் இம்மரபணு இவ்வாறு கெட்டிருக்கிறது. செல்லின் தன்னழிவைத் தூண்டும் பாக்ஸ் மரபணுவில் எட்டுக் குவானைன்கள் தொடர்கின்றன. அது இத்தகைய கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் கெடுகிறது. எம்.எஸ்.எச்.3, எம்.எஸ்.எச்.6 ஆகிய திருத்த மரபணுக்களிலேயே எட்டெழுத்து மீள்வரிசைகள் உள்ளன. எம்.எல்.எச்.1 இழப்பால் தொடங்கிய கேடு மிஞ்சியிருக்கும் திருத்தக் கருவிகளையும் அழித்து, தன்னைத்தானே விரைவுபடுத்திக்கொள்கிறது.

பொதுவாக ஓர் அடினோமா புற்றாக மாறப் பத்தாண்டுகள் வரை ஆகும் என்பர். லிஞ்ச் நோய்த்தொகுப்பில் அது ஓரிரு ஆண்டுகளாகச் சுருங்கக்கூடும். பின்லாந்தில் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பெருங்குடல் அகநோக்கிச் சோதனை செய்துகொண்ட குடும்பத்தாரிடம், செய்துகொள்ளாதவரைவிடப் புற்றுநோய் 62 விழுக்காடு குறைந்ததாக 2000ஆம் ஆண்டு வெளியான 15 ஆண்டுக்கால ஆய்வு காட்டிற்று. இன்றைய வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டு இடைவெளியைப் பரிந்துரைப்பதற்கு இந்த வேகமே காரணம்.

பரம்பரையின்றி நேரும் இழப்பு

பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை உடையவை. ஆனால் லிஞ்ச் நோய்த்தொகுப்பால் வருபவை ஏறத்தாழ 3 விழுக்காடே. எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றில் எம்.எல்.எச்.1 மரபணுவின் எழுத்துகள் கெடவில்லை. அதன் தொடக்கப்பகுதியில் மீத்தைல் குறிகள் குவிந்து மரபணு மௌனமாக்கப்பட்டிருக்கிறது. முதியோரிடம், குறிப்பாகப் பெண்களிடம், பெருங்குடலின் வலப்பகுதியில் தோன்றும் கட்டிகளில் இது மிகுதி. இவற்றில் பலவற்றில் பி-ராஃப் மரபணுவில் குறிப்பிட்ட ஒரு திடீர்மாற்றமும் உடனிருக்கும். லிஞ்ச் கட்டிகளில் அம்மாற்றம் மிக அரிது என்பதால், அது காணப்பட்டால் பரம்பரைக் காரணத்தை ஏறக்குறைய விலக்கிவிடலாம்.

நோய்க்குறியியல் ஆய்வகத்தில் செய்யப்படும் எளிய சோதனை இவ்வறிவையெல்லாம் ஒன்றுசேர்க்கிறது. அறுவையில் எடுத்த கட்டியின் மெல்லிய சீவல்கள்மீது நான்கு புரதங்களுக்கும் உரிய ஆன்டிபாடிகளை இட்டு நிறமேற்றுகின்றனர். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பு நிறம் பெறும். எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இரண்டும் இல்லையெனில் குற்றம் பெரும்பாலும் எம்.எல்.எச்.1 மரபணுவில், அடுத்து, பி-ராஃப் அல்லது மீத்தைல் சோதனை. எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் இல்லையெனில் எம்.எஸ்.எச்.2 மரபணுவைத் தேடவேண்டும். அதில் பிழை கிட்டாவிட்டால் அதற்கு முன்னுள்ள எப்காம் மரபணுவின் கடைப்பகுதியைப் பார்க்கவேண்டும். அப்பகுதி நீங்கினால் அண்டை மரபணுவான எம்.எஸ்.எச்.2 மௌனமாகிவிடும். பி.எம்.எஸ்.2 மட்டும், அல்லது எம்.எஸ்.எச்.6 மட்டும் இல்லையெனில் அந்தந்த மரபணுவே ஐயத்திற்குரியது.

அறிக்கையில் இது ஒற்றை வரியாகவே இடம்பெறும். அவ்வரி நோயாளியின் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் பற்றியதும் ஆகும் என்பது பலநேரம் அவர்களுக்குச் சொல்லப்படாமலே போகிறது. பரம்பரைக் காரணம் உறுதியானால், அவர்கள் ஒவ்வொருவருக்கும் அம்மரபணுவைப் பெற்றிருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று.

பிற செப்பனிடும் வழிகளும் அவற்றின் அடையாளங்களும்

பொருந்தா இணைத் திருத்தம் ஒன்றே குடலைக் காப்பதில்லை. ஆக்சிஜனேற்றத்தால் குவானைன் 8-ஆக்சோகுவானைனாக மாறும்போது அது சைட்டோசினை விட்டு அடினைனோடு தவறாக இணைகிறது. அவ்வாறு வந்தமர்ந்த அடினைனை நீக்குவது எம்.யு.டி.ஒய்.எச். என்னும் புரதம். இது கார நீக்கச் செப்பனிடுதல் என்னும் வழியைச் சார்ந்தது.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் இதனைக் கண்ட விதம் குறிப்பிடத்தக்கது. ஒரு குடும்பத்தின் உடன்பிறந்தோர் பலருக்குக் குடலில் ஏராளமான பாலிப்கள் இருந்தன, ஏ.பி.சி. மரபணுவில் பிறவிப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவர்களுடைய கட்டிகளில் ஏ.பி.சி. கெட்டிருந்த விதம் ஒரே மாதிரியாக இருந்தது: குவானைன் இருந்த இடங்களில் தைமின். இத்தகைய கேட்டை எந்தச் செப்பனிடும் புரதத்தின் இன்மை விளைவிக்கும் என்று எதிர்த்திசையில் எண்ணிப் பார்த்து அவர்கள் எம்.யு.டி.ஒய்.எச். மரபணுவை அடைந்தனர். பொதுப் பாடபேதங்களைக் கொண்டு சுவடிகளின் மூலத்தை அறியும் பதிப்பாசிரியரின் முறையே இது. இந்நோய் ஒடுங்கு முறையில் கடத்தப்படுவதால், தாய் தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட நகல் வந்தால்தான் வெளிப்படும். பெற்றோர் பொதுவாக நோயின்றி இருப்பர்.

படியெடுக்கும் நொதியின் உடனடிச் சரிபார்ப்புப் பகுதியே கெடுவதும் உண்டு. போல்-ஈ, போல்-டி1 மரபணுக்களின் பிறவித் திடீர்மாற்றங்கள் பெருங்குடல் கட்டிகளுக்குக் காரணமாவது 2013இல் தெரியவந்தது. போல்-ஈ கெட்ட கட்டிகளில் பிழைகள் மிகப் பெருமளவில் இருக்கும். நான்கு திருத்தப் புரதங்களோ பெரும்பாலும் இயல்பாக நிறமேறும். ஆன்டிபாடிச் சோதனையை மட்டும் நம்பினால் இவை தப்பிவிடும். எம்.ஜி.எம்.டி. என்னும் மற்றொரு புரதம் குவானைனில் ஒட்டிய தீய மீத்தைல் தொகுதியைத் தன்மீது ஏற்றுக்கொண்டு தானும் செயலிழந்துவிடும். ஒரு சிதைவுக்கு ஒரு மூலக்கூறு என்பது அதன் கணக்கு. பெருங்குடல் கட்டிகள் பலவற்றில் இம்மரபணுவும் மௌனமாக்கப்பட்டிருக்கிறது.

பிழையே காட்டிக்கொடுக்கும் கட்டி

திருத்தம் தவறிய கட்டியில் இடம்பெயர்ந்த குறியீடுகளால் உடல் அதுவரை அறியாத புரதத் துண்டுகள் உருவாகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றை அயலானவை என அறிகிறது. இக்கட்டிகளுக்குள் நிணநீர் அணுக்கள் செறிந்திருப்பதை நோய்க்குறியியலார் நெடுங்காலமாகவே கண்டிருந்தனர். ஆயினும் கட்டி வளர்வதற்குக் காரணம், எதிர்ப்பணுக்களின் தடுப்புப் பொறிகளை அது அழுத்தி வைத்திருப்பதே.

இத்தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் சோதித்து 2015ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். திருத்தம் தவறிய பெருங்குடல் கட்டியுடைய நோயாளிகள் பத்துப் பேரில் நால்வருக்குக் கட்டி சுருங்கியது. திருத்தம் இயல்பாக உள்ள 18 பேரில் ஒருவருக்கும் சுருங்கவில்லை. முதல் வகைக் கட்டிகளில் சராசரியாக 1782 திடீர்மாற்றங்களும் இரண்டாம் வகையில் 73உம் இருந்தன. 2017ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கட்டி எந்த உறுப்பில் தோன்றியது என்பதைப் பாராமல் திருத்தக் குறைபாடு ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு இம்மருந்தை ஏற்றது. உறுப்பின் பெயரால் அன்றி மூலக்கூறு அடையாளத்தால் ஒரு புற்றுநோய் மருந்து அங்கு ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. நியூயார்க்கில் இதே வகையைச் சேர்ந்த டோஸ்டார்லிமாப் மருந்தை மட்டுமே பெற்ற மலக்குடல் புற்றுநோயாளிகளுள், சிகிச்சையை முடித்த முதல் 12 பேருக்கும் கட்டி முற்றிலும் மறைந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டது. அவர்களுக்கு அறுவையும் கதிர்வீச்சும் தேவைப்படவில்லை.

மறுபுறம், பல பத்தாண்டுகளாக வழங்கப்படும் ஃப்ளூரோயுராசில், அறுவைக்குப்பின் தனியாகத் தரப்படும்போது இத்தகைய நோயாளிகளுக்குப் பயன் தரவில்லை என 2003ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. அம்மருந்தால் நேரும் சிதைவை உணர்ந்து செல்லை அழிவுக்கு உட்படுத்துவதில் திருத்தப் புரதங்களுக்கும் பங்குண்டு. அவை இல்லாத செல் அச்சிதைவைப் பொருட்படுத்தாமல் பிரிகிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். ஆகவே அந்த நான்கு புரதங்களின் சோதனை, எதைத் தரவேண்டும் என்பதோடு எதைத் தவிர்க்கலாம் என்பதையும் சொல்கிறது.

தடுப்பு முறையிலும் ஒரு முன்னேற்றம் உண்டு. லிஞ்ச் மரபணுவுடைய 861 பேரிடம் நடந்த காப்2 ஆய்வில், நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் உட்கொள்ளத் தரப்பட்டோரில் 9 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரை தரப்பட்டோரில் 13 விழுக்காட்டினருக்கும் பத்தாண்டுத் தொடர் கண்காணிப்பில் பெருங்குடல் புற்றுநோய் தோன்றியது. மாத்திரை உட்கொண்ட காலம் சராசரியாக ஈராண்டுகளே; பயன் தெரியவந்ததோ சில ஆண்டுகள் கழித்து. இரத்தக்கசிவு இடரைக் கருதி மருத்துவரின் மேற்பார்வையிலேயே இதனை மேற்கொள்ளவேண்டும்.

நெருங்கிய உறவில் திருமணமும் இரு நகல் இழப்பும்

தமிழ்ச் சூழலில் தனியாகக் கவனிக்கவேண்டிய வடிவம் ஒன்றுள்ளது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே திருத்த மரபணுவின் கெட்ட நகலைப் பெறும் குழந்தைக்குப் பிறவியிலேயே எந்தச் செல்லிலும் திருத்தும் திறன் இருப்பதில்லை. மூளைக் கட்டி, இரத்தப் புற்றுநோய், பெருங்குடல் கட்டி ஆகியவை குழந்தைப் பருவத்திலோ வளரிளம் பருவத்திலோ தோன்றுகின்றன. தோலில் பால்கலந்த காப்பி நிறத் திட்டுகள் காணப்படுவதால் இது வேறொரு நரம்புக்கட்டி நோயாகத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் ஆகிய உறவுகளில் மணம் முடிக்கும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உள்ளது. ஒரே முன்னோரிடமிருந்து வந்த கெட்ட நகல் இருவழியிலும் ஒரு குழந்தையை வந்தடையும் வாய்ப்பை இது கூட்டுகிறது. இந்நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலும் கெட்டிருப்பது பி.எம்.எஸ்.2. அதன் ஒற்றை நகல் மட்டும் கெட்டிருந்தால் புற்றுநோய் இடர் ஏனைய மூன்றையும்விடக் குறைவு. ஆதலால் தாத்தா பாட்டி தலைமுறையில் நோயே இல்லாதிருக்கலாம். 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லை' என்று பெற்றோர் கூறுவதைக் கொண்டு மட்டும் மருத்துவர் பரம்பரைக் காரணத்தை விலக்கிவிடக் கூடாது. மரபணு ஆய்வும் இங்கு எளிதன்று, பி.எம்.எஸ்.2ஐ ஒத்த போலி மரபணு ஒன்று அதே குரோமோசோமில் இருப்பதால் இரண்டையும் பிரித்தறியும் தனி முறைகள் தேவை.

திசுச் சோதனையில் இந்நோய் விடும் குறிப்பு மிக நுண்ணியது. வழக்கமாகக் கட்டிச் செல்கள் நிறமற்றும், அருகிலுள்ள இயல்பான செல்களும் நிணநீர் அணுக்களும் பழுப்பாகவும் தெரியும். அந்த இயல்பான செல்களின் நிறமே சோதனை சரியாக நடந்ததற்குச் சான்று. இரு நகல்களையும் இழந்த குழந்தையின் திசுவில் இயல்பான செல்களும் நிறமேறுவதில்லை. காண்பவருக்கு அது நிறமேற்றம் தோற்றுப்போன சீவலாகவே தோன்றும். மீண்டும் செய்யப் பணிப்பார், மீண்டும் அதுவே வரும். அப்போது மற்ற மூன்று ஆன்டிபாடிகள் அதே திசுவில் நன்றாக நிறமேறியிருந்தால், தோற்றது சோதனையன்று என்று கொள்ளவேண்டும். குழந்தையின் இரத்த மாதிரியை மரபணு ஆய்வுக்கு அனுப்புவதோடு, அதன் உடன்பிறந்தோரையும் அழைத்துப் பார்க்கவேண்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இதே நிலை இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.